கட்டியை எடுத்தாச்சு, அப்புறம் எதுக்குக் கரண்ட்?

மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும் எங்கள் பக்கத்து வீடுகளில் நடக்கிற பேச்சு எப்படிச் சுற்றினாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: முழுசாக எடுத்துவிடலாமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? கேட்கும்போதே பாதி விஷயம் விடுபட்டுப்போகிறது. கட்டியை மட்டும் எடுத்து மார்பை விட்டுவைப்பது என்றால், அதோடு கதிர்வீச்சும் சேர்த்துத்தான். எங்கள் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பது. ஆபரேஷனை முடித்துக்கொண்டு கரண்ட் வைக்காமல் ஊருக்குப் போவது, ஒருசிலருக்குத் தவிர, பாதி வைத்தியம்தான். அந்தப் பாதியோடு நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் சின்னம்மாவுக்கு ஊர் ஒடுகத்தூர் பக்கம். ஐம்பது தாண்டிய வயசு, இடது மார்பில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஒரு கட்டி. வேலூரில் ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. அக்குளில் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்துச் சோதித்ததில் நோய் ஒன்றுமில்லை, எடுத்த சதையின் ஓரங்களும் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்து கரண்ட் வைக்கணும் என்று டாக்டர் சொன்னதும் சின்னம்மா என்னைத்தான் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “கட்டியத்தான் எடுத்துட்டாங்களே, அப்புறம் இன்னாத்துக்குக் கரண்ட்டு? இன்னும் உள்ள ஏதாவது கீதா?”

நியாயமான கேள்வி. ஓரம் சுத்தம் என்றால் என்ன என்று முதலில் பார்க்கலாம். எடுத்த சதைத் துண்டின் வெளிப்பக்கம் முழுக்க நோய்க்குறியியல் ஆய்வகத்தில் மை பூசுவார்கள். அப்புறம் மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். மை பட்ட இடத்தில் புற்றணு இல்லை என்றால் ஓரம் சுத்தம். வெட்டிய கோடு கட்டிக்குள் புகுந்து போகவில்லை என்பதுவரைக்கும்தான் அந்த ரிப்போர்ட் சொல்லும். மீதி மார்பில் எங்காவது நாலைந்து அணுக்கள் தனியாக ஒதுங்கி நிற்கின்றனவா என்று அது சொல்லாது, எந்த ஸ்கேனும் சொல்லாது. அவ்வளவு சிறிய கூட்டம் படத்தில் விழுவதில்லை. நான் இதைச் சுற்றிவளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மல்லாட்டைக் கொல்லையில் காலமெல்லாம் களை எடுத்த சின்னம்மாவே முடித்துவைத்தார்: “கோரையப் புடுங்கினா கிழங்கு உள்ளயே நிக்குமே, அப்பிடியா?” அப்படித்தான்.

எத்தனை பேருக்கு அப்படி நிற்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்த பெண்களில் ஒரு பாதிக்குக் கதிர்வீச்சு கொடுத்தும் இன்னொரு பாதிக்குக் கொடுக்காமலும் பார்த்த 17 ஆய்வுகளை, மொத்தம் 10,801 பெண்களின் விவரத்தை, ஆக்ஸ்ஃபோர்டில் சேர்த்து அலசி 2011இல் வெளியிட்டார்கள். பத்து வருஷத்துக்குள் நோய் எங்காவது திரும்பி வந்தது, கரண்ட் வைக்காதவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு. வைத்தவர்களில் 19 பேருக்கு. பதினைந்து வருஷத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் முறையே 25.2 சதவீதம், 21.4 சதவீதம். நான்கு பேருக்கு நோய் திரும்புவதைத் தடுத்தால் அதில் ஒரு உயிர் காப்பாற்றப்படுகிறது என்று அவர்களே சுருக்கிச் சொல்லியிருக்கிறார்கள். வைத்தியம் செய்தாலும் சிலருக்குத் திரும்புகிறது, செய்யாவிட்டாலும் பலருக்குத் திரும்பாமலே போகிறது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. “எங்க ஊர்ல ஒருத்தி கரண்டே வைக்கல, இருபது வருஷமா நல்லாத்தான் இருக்கா” என்று யாராவது சொன்னால் பொய் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை. இருக்கலாம். ஆனால் நாம் அந்தப் பெண்ணா, திரும்பி வரும் முப்பத்தைந்தில் ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை.

மார்பை விட்டுவைப்பது ஏதோ புது ஃபேஷன், பெரியவர்கள் செய்ததுபோல் முழுசாக எடுப்பதுதான் பத்திரம் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பிய முறை, மார்பு, அடியில் உள்ள மார்புத்தசை, அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒன்றாக வழித்தெடுப்பது. முக்கால் நூற்றாண்டுக்கு அதுதான் சட்டம். நடுவில் 1920களில் லண்டனில் ஜெஃப்ரி கீன்ஸ் என்ற சர்ஜன், பொருளாதார மேதை கீன்ஸின் தம்பிதான், மார்பை வெட்டாமல் ரேடியம் ஊசிகளைச் சதைக்குள் செருகிவைத்து வைத்தியம் பார்த்தார். நல்ல பலன் கிடைத்தது என்று எழுதியும் வைத்தார். கூட இருந்த சர்ஜன்கள் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. அந்தக் காலத்தில் பெண்ணிடம் யார் கேட்டார்கள்!

1970களில்தான் இதை முறையாகச் சோதித்தார்கள். இத்தாலியில் மிலான் நகரத்தில் வெரோனேசி 701 பெண்களை வைத்துப் பார்த்தார், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாத கட்டிகள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1,851 பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்: மார்பை முழுசாக எடுத்தவர்கள், கட்டியை மட்டும் எடுத்தவர்கள், கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்தவர்கள். இருவரின் இருபது வருஷ முடிவும் 2002இல் ஒரே சமயத்தில் வந்தது. உயிர் பிழைப்பதில் முழுசாக எடுத்தவர்களுக்கும் மார்பை வைத்துக்கொண்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் அதே மார்பில் நோய் திரும்பியது 39.2 சதவீதம் பேருக்கு. கரண்ட்டும் வைத்தவர்களில் 14.3. நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. ஃபிஷரின் ஆய்வில் பங்கெடுத்த கனடா டாக்டர் ஒருவர் சில நோயாளிகளின் விவரங்களைத் திருத்திக் கொடுத்தது 1994இல் பெரிய விவகாரமாகிப் பத்திரிகையெல்லாம் நாறியது. அவர் கொடுத்ததை எல்லாம் நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டும் முடிவு மாறவில்லை. எனக்கென்னவோ அந்த விவகாரத்துக்கு அப்புறம்தான் இந்த ஆய்வின்மேல் நம்பிக்கை கூடியது.

சரி, வேலூருக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கரண்ட் வைப்பதில் உள்ள கஷ்டம் ஏறக்குறைய முழுக்க முழுக்க நாள் கணக்குதான். அந்தக் காலத்து முறை 50 கிரே அளவை 25 நாளாகப் பிரித்துக் கொடுப்பது. கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு. சனி ஞாயிறு விட்டால் ஐந்து வாரம். ஒரே நாளில் மொத்தத்தையும் ஏன் கொடுப்பதில்லை என்றால், கதிர் பட்டதும் புற்றணு, நல்ல அணு இரண்டுமே அடிபடுகின்றன. இரண்டுக்கும் உள்ளே மரபுச் சரடு, அதாவது டி.என்.ஏ., அறுகிறது. நல்ல அணு அடுத்த நாளைக்குள் ஓரளவு தன்னைத் தானே தைத்துக்கொள்ளும், புற்றணுவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அந்த இடைவெளிக்காகத்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. அப்புறம் இங்கிலாந்தில் 2,215 பெண்களை வைத்து 40 கிரே, 15 நாள் போதும் என்று காட்டினார்கள். தோலும் சதையும் பழைய முறையைவிட மோசமாகவில்லை, சில விஷயங்களில் மேல் என்றுகூடத் தெரிந்தது. இந்தியாவிலும் இப்போது இந்த மூன்று வாரம்தான் பரவலாகிவிட்டது. 2020இல் இன்னொரு இங்கிலாந்து ஆய்வு, 4,096 பேர், 26 கிரே ஐந்தே நாளில், ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்று ஐந்து வருஷ முடிவைச் சொன்னது. எல்லோருக்கும் ஒரு வாரம் சரிப்படாது, நெறிக்கட்டிப் பகுதிக்கும் சேர்த்துக் கொடுப்பவர்களுக்குப் பல இடங்களில் இன்னும் மூன்று வாரமே வைத்திருக்கிறார்கள். வயசு குறைந்தவர்களுக்குக் கட்டி இருந்த இடத்தில் மட்டும் கூடுதலாகச் சில நாள் வைப்பார்கள், பூஸ்ட் என்பார்கள். அது ஐந்தாயிரத்துச் சொச்சம் பெண்களிடம் பார்த்த ஐரோப்பிய ஆய்விலிருந்து வந்தது. பத்து வருஷத்தில் அதே மார்பில் திரும்புவதை 10.2 சதவீதத்திலிருந்து 6.2 ஆகக் குறைத்தது.

ஐந்து வாரம், மூன்று வாரம், ஒரு வாரம். லண்டனில் உட்கார்ந்து இந்த ஆய்வுகளைப் படிக்கிறவர்களுக்கு இது வசதி சம்பந்தப்பட்ட சங்கதியாகத் தெரியலாம். பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்கோ, பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிற பெண்ணுக்கோ, ஆம்பூர் ஷூ கம்பெனியில் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகிற பெண்ணுக்கோ, மார்பு இருக்குமா போகுமா என்பதையே இந்த எண்தான் தீர்மானிக்கிறது. கரண்ட் ஒவ்வொரு நாளும் சில நிமிஷ வேலை. அந்தச் சில நிமிஷத்துக்காகக் காலை பஸ் பிடித்து, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு, வெயிலில் காத்திருந்து, சாயந்தரம் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி, மறுநாள் மறுபடியும். இல்லாவிட்டால் இங்கேயே தங்க வேண்டும். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி ஐடா ஸ்கடர் ரோட்டிலும் சந்து பொந்துகளிலும் இருக்கிற லாட்ஜ்களைப் பாருங்கள், போர்டெல்லாம் வங்காளத்தில் எழுதியிருக்கும், மீன்சோற்றுக் கடை, காய்கறி, சமைத்துக்கொள்ள அடுப்பு வைத்த ரூம். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்களால் ஓடுகிற தெருக்கள் அவை. 2020 ஊரடங்கில் இங்கே மாட்டிக்கொண்டவர்களில் பலர் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்ட பிறகுதான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு இதில் ஒரு முரண் உறுத்தும். ஆயிரம் மைல் தாண்டி வந்தவர், வந்ததே தங்கத்தான் என்பதால் முழுசாக முடித்துக்கொண்டு போகிறார். நாற்பது கிலோமீட்டரில் இருப்பவர் “பக்கத்துலதானே, போய்ட்டு வந்துக்கலாம்” என்று ஆரம்பித்து, இரண்டாம் வாரம் களைத்து, நின்றுவிடுகிறார்.

சின்னம்மாவும் நின்றிருப்பார். சத்துவாச்சாரியில் என் வீடு இருந்ததால் தப்பித்தார். அப்படியும் சித்திரைக் கடைசியில் ஒரு பஞ்சாயத்து. வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, பிறந்த ஊர்த் திருவிழா, தேருக்கு முன்னும் பின்னும் நாலு நாள் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். சித்தப்பாவும் “அம்மா விஷயம், தடுக்கக் கூடாது” என்றார். ரேடியேஷன் டாக்டரோ, சாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் இடைவெளி விட்டால் அந்த நாளில் மிச்ச அணுக்கள் மறுபடி பெருக வழியாகும், ஒருநாள் மெஷின் ரிப்பேர் என்றால்கூட விட்டதைப் பிறகு ஈடுகட்டிவிடுகிறோம், நீங்களாக நாலு நாள் விடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். கடைசியில் காலையில் கரண்ட் வைத்துக்கொண்டு நேராகக் குடியாத்தம் பஸ் ஏறி, கூட்டத்தில் இடிபடாமல் ஒரு மாடியில் நின்று சிரசைப் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பினோம்.

இன்னொரு பெண், என்னோடு வேலை பார்த்தவர். அவருக்கு நடந்ததை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது. வேலூர் மாவட்டத்தில் ஒரு நர்சிங் ஹோம், பெயர் வேண்டாம், மார்பில் கட்டி என்று போனவருக்கு ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதிக்காமலே நேராக வெட்டி எடுத்தார்கள். அப்புறம்தான் புற்றுநோய் என்று ரிப்போர்ட். ஓரத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. “கட்டிய எடுத்தாச்சும்மா, மாத்திர சாப்பிடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். கரண்ட் என்ற பேச்சே எழவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் தழும்புக்குப் பக்கத்திலேயே வந்தது. இந்தத் தடவை மார்பையே எடுக்க வேண்டியிருந்தது. கட்டியைத் தொட்டதும் கத்தி எடுக்கிற டாக்டரைவிட, முதலில் ஊசி பயாப்ஸி எடுத்து, என்ன வகை, எந்த நிலை என்று பார்த்து, கரண்ட் எங்கே எத்தனை நாள் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசுகிற டாக்டர் எவ்வளவோ மேல். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் கதிர்வீச்சுக்கும் அது செல்லும். அந்தக் காகித வேலையையும் முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

உள்ளே என்ன நடக்கும் என்ற பயம் பலருக்கு. ஷாக் அடிக்குமா என்றுதான் சின்னம்மா கேட்டார். எக்ஸ்ரே எடுக்கும்போது என்ன தெரிகிறதோ அதுதான், ஒன்றும் தெரியாது. முதல் நாள் சிகிச்சை கிடையாது, பிளானிங் சி.டி. ஸ்கேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு சாய்வுப் பலகையில் படுக்க வைத்து, மார்பில் கோடு போட்டோ சின்னப் புள்ளி குத்தியோ அடையாளம் வைப்பார்கள். கையைத் தூக்க முடியாவிட்டால் இந்த நாளே தள்ளிப்போகும். அதனால் ஆபரேஷனுக்கு அப்புறம் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் கைப்பயிற்சியை வலிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கோடு போட்டிருந்தால் அழியாமல் குளிக்க வேண்டும், அக்னி நட்சத்திரத்து வேலூரில் இது பெரிய தண்டனைதான். ரூமில் தனியாகப் படுத்திருப்போம், ஊழியர்கள் வெளியிலிருந்து கேமராவில் பார்ப்பார்கள். வெளியே வந்ததும் உடம்பில் கதிர் எதுவும் மிச்சம் இருக்காது, பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். சின்னம்மாவின் மருமகள் குழந்தையைப் பக்கத்தில் விடாமல் வைத்திருந்தது டாக்டர் சொல்லித்தான் முடிவுக்கு வந்தது.

இரண்டாம் வாரத்தில் தோல் கறுக்க ஆரம்பித்தது. நம் நிறத்துக்குச் சிவப்பதைவிடக் கறுப்பதுதான் அதிகம் தெரியும். மார்புக்கு அடியில் மடிப்பில் வியர்வை பட்டு எரிச்சல், ஓரிடத்தில் உரிந்தது. சிகிச்சை முடிந்தபின்னும் ஒன்றிரண்டு வாரம் இது கூடிவிட்டுத்தான் குறையும், யாராவது இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போகும். தளர்ந்த பருத்தி ரவிக்கை, டாக்டர் எழுதிக்கொடுத்த க்ரீம், அவ்வளவுதான். மஞ்சள், சந்தனம், பச்சிலை என்று பக்கத்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்ததை எல்லாம் நான் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். தலைமுடி கொட்டாது. கொட்டுவது கீமோவில். உடம்பு அசதி மட்டும் நன்றாகத் தெரிந்தது. நாளாக ஆக மார்பு கொஞ்சம் கெட்டிப்படலாம், சுருங்கலாம்.

இடது மார்பு என்பதால் நான் கேட்ட கேள்வி இதயம். டென்மார்க், ஸ்வீடன் பெண்களின் பழைய பதிவுகளை வைத்து 2013இல் வந்த ஆய்வு, இதயத்தில் சராசரியாக ஒவ்வொரு கிரே கூடும்போதும் மாரடைப்பு போன்ற ஆபத்து 7.4 சதவீதம் கூடுகிறது என்று காட்டியது. அதற்குத்தான் மூச்சை ஆழமாக இழுத்து அடக்கிவைக்கச் சொல்லி அந்த நேரத்தில் மட்டும் கதிரைக் கொடுக்கிறார்கள். நுரையீரல் விரிந்து இதயத்தை மார்புச்சுவரிலிருந்து தள்ளிவைக்கும். எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை, இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. சின்னம்மா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே மூச்சு அடக்கிப் பழகினார், இருபது எண்ணுவதற்குள் சிரித்துவிடுவார்.

“இவ்ளோ கஷ்டத்துக்கு முழுசா எடுத்துட்டா கரண்டே வேணாமே” என்று சொல்பவர்களுக்கு ஒன்று. அப்படி உத்தரவாதம் கிடையாது. கட்டி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, அக்குளில் நான்கோ அதற்கு மேலோ நெறிக்கட்டிகளில் நோய் இருந்தாலோ, மார்பை எடுத்த பின்னும் கரண்ட் வைக்கத்தான் சொல்வார்கள். நம் பக்கம் தாமதமாக வருபவர்கள் அதிகம் என்பதால் இது நிறையப் பேருக்குப் பொருந்தும். பெரிய கட்டி என்றால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு மார்பைக் காப்பாற்றவும் வழி இருக்கிறது. மறுபக்கம், கர்ப்பமாக இருப்பவர்கள், முன்பே அதே இடத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்கள், மார்பு முழுக்கப் பரவலாக நோய் உள்ளவர்கள் விஷயத்தில் பெரும்பாலும் முழுசாக எடுப்பதே சரி. கரண்டுக்கு வரவே முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். தினமும் வர முடியாத வீட்டுப் பெண்ணிடம் மார்பைக் காப்பாற்றலாம் என்று ஆசை காட்டி அனுப்புவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

முதலில் ஒருசிலர் என்றேனே, அவர்கள் வயசானவர்கள். எங்கள் தெருவில் எழுபத்திரண்டு வயசு அம்மா ஒருவர், ஒரு சென்டிமீட்டர் கட்டி, ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை, நெறிக்கட்டி சுத்தம். அவர் மகள் என்னிடம் வந்து, நீ சொல்வதைக் கேட்டால் கரண்ட் வைக்காவிட்டால் பாவம் போலிருக்கிறதே என்றாள். இல்லை. இப்படிப்பட்ட 65 வயசு தாண்டியவர்களை வைத்து ஸ்காட்லாந்தைத் தலைமையாகக் கொண்டு நடந்த ஆய்வின் பத்து வருஷ முடிவு 2023இல் வந்தது. ஹார்மோன் மாத்திரையோடு கரண்ட்டும் வைத்தவர்களில் அதே இடத்தில் திரும்பியது 0.9 சதவீதம், மாத்திரை மட்டும் என்றால் 9.5. ஆயுளில் வித்தியாசம் இல்லை. டாக்டர் இரண்டையும் அந்த அம்மாவிடமே சொல்லிக் கேட்டார். அவர் மாத்திரை போதும் என்று சொல்லிவிட்டார். ஐந்து வருஷம் போட வேண்டும், வருஷா வருஷம் மேமோகிராம். மூட்டு வலிக்கிறது என்று பலர் இரண்டாம் வருஷமே அந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தினால் மேலே சொன்ன 9.5 என்ற கணக்கும் செல்லாது. அதனால் மகள் இப்போது மாசம் ஒருதரம் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கிறாள், அந்த அம்மா அதற்குத் திட்டிக்கொண்டே இருக்கிறார்.